சோதனையில் ‘நல்ல கிருமி குறைவு’ என்று வந்திருக்கிறது. அடுத்த கர்ப்பம் தங்குமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு 31 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாக நடந்தது இது. முதல் கர்ப்பம். 20-ஆவது வார ஸ்கேனில் குழந்தைக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. 22-ஆவது வாரத்தில் ஒரு நாள் காலை, வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்தது. மருத்துவமனையில் சேர்த்து ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் 38.6 டிகிரி செல்சியஸ் காய்ச்சல். அடிவயிற்றைத் தொட்டாலே வலித்தது. குழந்தையின் இதயத் துடிப்பும் வெகுவாக ஏறியது. இனிக் காத்திருக்க முடியாது, பிரசவத்தைத் தூண்ட வேண்டும் என்றார்கள். அவர் கையெழுத்திட்டார். பிறந்த பெண் குழந்தை அரை மணி நேரம்கூட உயிரோடு இல்லை.

நஞ்சுக்கொடியை ஆய்வுக்கு அனுப்பியிருந்தார்கள். ‘கோரியோஅம்னியோனைட்டிஸ், இரண்டாம் நிலை; தொப்புள்கொடியிலும் அழற்சி’ என்று அறிக்கை வந்தது. அதாவது, பனிக்குட உறைகளில் அழற்சி. மூன்று மாதம் கழித்து வாசகி தாமாகவே பணம் கட்டி, பிறப்புறுப்பு நுண்ணுயிர்ச் சோதனை ஒன்றைச் செய்துகொண்டார். ‘நல்ல கிருமி’ எனப்படும் லாக்டோபேசில்லஸ் மிகக் குறைவு, கார்ட்னெரெல்லா, யூரியாபிளாஸ்மா என்ற வேறு இரு கிருமிகள் இருக்கின்றன என்று வண்ணப் படங்களுடன் முடிவு வந்தது. அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை. தினமும் இருவேளை கிருமிநாசினி கலந்த நீரால் உட்புறம்வரை கழுவுகிறார். நல்ல கிருமிகள் அடங்கிய புரோபயாடிக் மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த கர்ப்பத்துக்கு முன் எல்லாக் கிருமிகளையும் அழித்துவிட ஆன்டிபயாடிக் வேண்டும் என்று கேட்டபோது மருத்துவர் மறுத்துவிட்டார். சுத்தம் போதாததால்தான் இப்படி ஆனது என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். கணவரிடமிருந்து தொற்றியதோ என்ற சந்தேகமும் மனத்தை அரிக்கிறது. கடிதத்தின் கடைசி வரி: “கையெழுத்துப் போட்டு என் குழந்தையை நானே கொன்றுவிட்டேனா?”

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, நீங்கள் கொல்லவில்லை. உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று இதைச் சொல்லவில்லை. மருத்துவக் கணக்கே அதுதான். பனிக்குடத்துக்குள் தொற்று ஏற்பட்டுக் காய்ச்சலும் வந்துவிட்டால், பிரசவத்தை நடத்தி முடிப்பதுதான் சிகிச்சை. ஆன்டிபயாடிக் அதற்குத் துணை. அது மட்டும் கொடுத்துத் தொற்றைக் குணப்படுத்திக் கர்ப்பத்தைத் தொடர முடியாது. காத்திருந்தால் தொற்று தாயின் ரத்தத்தில் பரவி, செப்சிஸ் என்ற நிலைக்குச் சில மணி நேரத்தில் போகலாம். தொற்றுள்ள கருப்பை பிரசவத்துக்குப் பிறகு சரியாகச் சுருங்காமல் பெரும் ரத்தப்போக்கும் நேரலாம். உங்கள் முன் வைக்கப்பட்ட காகிதத்தில் ‘குழந்தை அல்லது தாய்’ என்ற தேர்வு இருந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள். அப்படி ஒரு தேர்வு அன்று இருக்கவில்லை. தொற்று நடக்கும் பனிக்குடத்துக்குள் 22 வாரக் குழந்தையைத் தொடர்ந்து வைத்திருப்பது குழந்தைக்கும் பாதுகாப்பாக இருந்திருக்காது.

ஆய்வறிக்கை சொல்வதும் சொல்லாததும்

குழந்தையைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. உள்ளே இருப்பது அம்னியான், வெளியே கோரியான். யோனியிலிருந்து கருப்பை வாய் வழியாகக் கிருமிகள் மேலேறி இந்த உறைகளை எட்டினால் உடல் வெள்ளணுக்களை அனுப்புகிறது. அவை எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கின்றன என்பதை வைத்துத்தான் நிலைகளைக் குறிக்கிறார்கள். 2014-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நோய்க்குறியியல் நிபுணர்கள் வகுத்த முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி இரண்டாம் நிலை என்றால் வெள்ளணுக்கள் கோரியானைத் தாண்டி அம்னியான்வரை வந்துவிட்டன என்று பொருள். உறைகளில் இருந்தவை பெரும்பாலும் உங்கள் வெள்ளணுக்கள். தொப்புள்கொடியில் இருந்தவை குழந்தையின் வெள்ளணுக்கள்.

அழற்சி சும்மா இருப்பதில்லை. அதில் சுரக்கும் வேதிப்பொருள்கள் புரோஸ்டாகிளாண்டின்களைத் தூண்டுகின்றன. அவை கருப்பையைச் சுருங்க வைக்கின்றன, கருப்பை வாயை இளக்குகின்றன. வேறு சில நொதிகள் உறைகளுக்கு வலுத்தரும் கொலாஜனை அரிக்கின்றன. ஆகவே அழற்சியால் பனிக்குடம் உடையலாம். ஆனால் பனிக்குடம் வேறு காரணத்தால் முதலில் உடைந்து, திறந்த வழியே கிருமிகள் ஏறியும் அழற்சி வரலாம். உங்களுக்கு உடைந்ததற்கும் பிரசவத்துக்கும் இடையே இரண்டு நாள் இருந்தன. அழற்சி இந்த அளவுக்கு வளர அந்த அவகாசமே போதும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு: கருப்பை வாய் வலியில்லாமல் மெல்லத் திறந்து, உறைகள் யோனிக் கிருமிகளுக்கு நேராக வெளிப்பட்டு, அங்கிருந்து எல்லாம் தொடங்குவது.

மூன்று வழியிலும் கடைசியில் கிடைக்கும் ஆய்வறிக்கை ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எது முதலில் நடந்தது என்பதை அது சொல்லாது. உங்கள் அடுத்த கர்ப்பத்தை எப்படிக் கவனிப்பது என்பதோ அந்தக் கேள்வியைத்தான் பெரிதும் சார்ந்திருக்கிறது.

கிருமிகளைப் பற்றி இத்தனை பத்திகள் எழுதியிருக்கும் நீங்கள், நடுவே ஒரே வரியில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பனிக்குடம் உடைவதற்கு முந்தைய நான்கைந்து நாள்களாக “கீழே ஏதோ இறங்குவது போன்ற கனம் இருந்தது, வெள்ளைப்படுதல் நீர்த்து அதிகமானது, ஆனால் வலி இல்லை” என்று. கடிதத்திலேயே என்னை நிறுத்திய வரி இதுதான். வலியில்லாத கனம், நீர்த்த கசிவு, பிறகு திடீரென உடைந்த பனிக்குடம்: இந்த வரிசை கருப்பை வாய் பலவீனத்தை நினைவூட்டுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் மருத்துவரிடம் முதலில் பேச வேண்டியது இதைத்தான். அந்த வண்ணப் படங்களைப் பற்றி அடுத்துப் பேசிக்கொள்ளலாம்.

அந்த நுண்ணுயிர்ச் சோதனை

யோனியில் லாக்டோபேசில்லஸ் இனங்கள் குடியிருப்பது நல்லது என்பது உண்மை. 1892-லேயே ஆல்பெர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்தக் கோலுரு பாக்டீரியாக்களை விவரித்தார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் யோனிச் சுவரில் கிளைக்கோஜன் சேர்கிறது. அதிலிருந்து இவை லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன. அந்த அமிலத்தன்மையில் பல கிருமிகள் தலையெடுக்க முடிவதில்லை. லாக்டோபேசில்லஸ் குறைந்து கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா போன்றவை பெருகும் நிலையை பாக்டீரியல் வஜினோசிஸ் என்கிறோம். அந்த நிலை உள்ள பெண்களிடம் குறைப்பிரசவம் கூடுதலாகக் காணப்படுகிறது என்பதும் மெய்தான்.

இதிலிருந்து உங்கள் முடிவுக்குத் தாவ முடியாமல் இரண்டு விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, சோதனை எடுத்த நேரம். பிரசவத்துக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. லாக்டோபேசில்லஸ் குறைந்து மற்றவை பெருகுகின்றன. கர்ப்பத்தில் லாக்டோபேசில்லஸ் நிறைந்திருந்த பெண்களிடமும் இந்த மாற்றம் வருகிறது. சிலரிடம் அது ஓராண்டுவரை நீடிப்பதை 2015-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. போதாக்குறைக்கு, உங்களுக்கு மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் ஏறியிருக்கிறது. தினமும் கிருமிநாசினியால் கழுவுகிறீர்கள். பிரசவமான மூன்றாம் மாதம் எடுத்த மாதிரியை வைத்து 22-ஆவது வாரத்தில் என்ன இருந்தது என்று சொல்வது, வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றில் இறங்கி வெள்ளத்தின் உயரத்தை அளப்பதைப் போன்றது. சோதனை விற்பவர்கள் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, ‘குறைவு’ என்பதே நோய் ஆகாது. 2011-இல் அமெரிக்காவில் எந்தத் தொந்தரவும் இல்லாத 396 பெண்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலானவர்களிடம் லாக்டோபேசில்லஸ் ஆதிக்கமே இல்லை. யூரியாபிளாஸ்மாவும் நலமாக இருக்கும் ஏராளமான பெண்களின் யோனியில் வாழ்கிறது. அழற்சி நேர்ந்த பனிக்குட நீரில் அடிக்கடி கண்டெடுக்கப்படும் கிருமி அது என்பது சரி. ஆனால் கீழே இருப்பது எல்லாருக்கும் மேலே ஏறுவதில்லை. கருப்பை வாயில் அடைத்திருக்கும் சளி, உறைகளின் வலு, உங்கள் நோயெதிர்ப்பு எல்லாம் இடையில் காவல் நிற்கின்றன. எந்த நவீன முறையில் தேடியும் கிருமி எதுவும் அகப்படாமல் அழற்சி மட்டும் இருக்கும் கர்ப்பங்களும் உண்டு.

“நஞ்சுக்கொடியிலேயே கிருமிகள் நிரந்தரமாகக் குடியிருக்கும் என்று படித்தேன், அப்படியென்றால் என் கர்ப்பப்பையிலும் இன்னும் இருக்குமா?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். 2014-இல் அப்படி ஒரு கருத்து பரபரப்பாகப் பேசப்பட்டது. 2019-இல் இங்கிலாந்தில் 500-க்கும் மேற்பட்ட பெண்களின் நஞ்சுக்கொடிகளை மிகக் கவனமாக ஆராய்ந்தபோது, அப்படிக் கண்ட கிருமிகளில் பெரும்பகுதி ஆய்வகப் பொருள்களிலிருந்தும் பிரசவ நேரத்திலும் ஒட்டியவை என்று தெரிந்தது. உண்மையில் அங்கே இருந்த நோய்க்கிருமி, சுமார் 5 விழுக்காட்டினரிடம் காணப்பட்ட பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ். நஞ்சுக்கொடி வெளியேறிவிட்டது. அதிலிருந்தது எதுவும் அடுத்த குழந்தைக்காகக் காத்திருக்கவில்லை.

கழுவுவதை இன்றே நிறுத்துங்கள்

சுத்தக் குறைவால் இந்த அழற்சி வரவில்லை. யோனி தன்னைத் தானே காத்துக்கொள்ளும் இடம். வெளிப்புறத்தை வெறும் நீரால் கழுவினால் போதும். உட்புறம் பீய்ச்சிக் கழுவும் பெண்களிடம்தான் பாக்டீரியல் வஜினோசிஸ் அதிகம் காணப்படுகிறது. கிருமிநாசினிக்கு நல்லதும் கெட்டதும் தெரியாது. நீங்கள் காப்பாற்ற நினைக்கும் லாக்டோபேசில்லஸும் அதில் போகிறது. இந்தப் பத்தியை மாமியாரிடம் காட்டுங்கள். ஒரு மருத்துவர் எழுதியது என்று சொன்னால் வீட்டில் பேச்சு குறையும் என்பது என் அனுபவம். குறையாவிட்டால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.

புரோபயாடிக் மாத்திரைகள் குறைப்பிரசவத்தைத் தடுப்பதாக நிரூபணம் இல்லை. லாக்டோபேசில்லஸ் கிறிஸ்பேட்டஸை யோனியில் நேரடியாக வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2020-இல் வந்தது. பாக்டீரியல் வஜினோசிஸ் திரும்ப வருவது அதில் குறைந்தது. ஆனால் அந்தப் பெண்கள் கர்ப்பிணிகள் அல்லர்; நீங்கள் விழுங்கும் மாத்திரையும் அது அல்ல. கர்ப்பகால நீரிழிவைத் தடுக்க புரோபயாடிக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது கர்ப்பகால ரத்த அழுத்த நோய் சற்றுக் கூடியிருந்தது. ஆகவே கர்ப்பம் உறுதியானதும் அதை நிறுத்திவிடுங்கள் என்பேன்.

மருத்துவர் ஏன் ஆன்டிபயாடிக் மறுத்தார்?

அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அவர் இடத்தில் இருந்தாலும் மறுத்திருப்பேன். உங்கள் யோசனை இயல்பானது. ஆராய்ச்சியாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். முன்பு குறைப்பிரசவம் ஆன பெண்களுக்கு, அடுத்த கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே அசித்ரோமைசினும் மெட்ரோனிடசோலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2006-இல் வெளிவந்தது. குறைப்பிரசவம் குறையவில்லை. மருந்து எடுத்தவர்கள் சற்று முன்னதாகவே பிரசவித்திருக்கலாம் என்ற சாயல்கூட அதில் தெரிந்தது.

கர்ப்பத்தின்போது கொடுத்த ஆய்வுகளும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பிரான்சில் 80,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சோதித்து, பாக்டீரியல் வஜினோசிஸ் இருந்த, ஆபத்துக் குறைந்த பெண்களுக்கு கிளிண்டமைசின் கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவின்படி தாமதக் கருச்சிதைவும் மிக முந்திய பிரசவமும் குறையவே இல்லை. உங்களைப் போல முன்பே இழப்பைச் சந்தித்தவர்களிடம் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. பனிக்குடம் உடையாமல் முன்கூட்டியே வலி கண்ட பெண்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்த பெரிய ஆய்வொன்றில், அந்தக் குழந்தைகளை ஏழு வயதில் பார்த்தபோது மூளை முடக்குவாதம் சற்று அதிகமாக இருந்தது. தேவையில்லாத இடத்தில் ஆன்டிபயாடிக் வெறும் வீண் செலவோடு நிற்பதில்லை.

தேவையான இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மீன் வாடையுடன் வெள்ளைப்படுதல், அரிப்பு, எரிச்சல் இருந்தால் பரிசோதித்து மருந்து எடுக்க வேண்டும்; கர்ப்பத்திலும் எடுக்கலாம். முழு மாதத்துக்கு முன்பே, வலி தொடங்காமல் பனிக்குடம் உடைந்தால் ஆன்டிபயாடிக் கட்டாயம். உங்களுக்குக் கொடுத்தது சரியே. சிறுநீரில் கிருமி இருந்தால், எரிச்சல் இல்லாவிட்டாலும் கர்ப்பத்தில் அதற்குச் சிகிச்சை தேவை. யாரும் பெரிதாகப் பேசாத இந்தச் சிறுநீர்ச் சோதனை, நீங்கள் பணம் கட்டிய சோதனையைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்னும் பின்னும்

முந்தைய இழப்பு அடுத்த முறைக்கான ஆபத்தைக் கூட்டுகிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் உங்கள் நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அடுத்த கர்ப்பம் நல்லபடியாகவே நிறைவேறுகிறது. ஆறு மாதத்துக்குள் மீண்டும் கருத்தரிப்பதைத் தவிருங்கள். அதற்கு மேல் எவ்வளவு காத்திருப்பது என்பதில் உங்கள் மனநிலைக்கும் பங்கு உண்டு.

கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைச் சந்தித்து, கருப்பை வாயைப் பற்றிப் பேசுங்கள். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 12 முதல் 14 வாரத்துக்குள் கருப்பை வாயில் தையல் போட்டுவிடுவது. வலியில்லாமல் திறந்து நேர்ந்த ஒரே இழப்புக்கே இதைச் செய்யலாம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டுதல். பிரிட்டன் வழிகாட்டுதலோ மூன்று முறை நேர்ந்த பிறகுதான் நேரடியாகத் தையலுக்குப் போகிறது. மற்றொன்று, 16-ஆவது வாரம் தொடங்கி 24-ஆவது வாரம்வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, யோனி வழி ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்துவருவது. 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் அப்போது தையல் போடலாம், அல்லது யோனியில் வைக்கும் புரோஜெஸ்டெரோன் ஹார்மோன் மருந்து தரலாம். தையலும் ஓர் அந்நியப் பொருள்தான். அதனாலும் அரிதாகத் தொற்று வரலாம், பனிக்குடம் உடையலாம். ஒரே ஓர் இழப்பு, அதிலும் காய்ச்சலும் அழற்சியும் கலந்த குழப்பமான கதை என்பதால், நான் இரண்டாவது வழியை விரும்புவேன். ஆனால் முதல் பரிசோதனையிலேயே உங்கள் கருப்பை வாய் நன்றாகத் திறந்திருந்தது என்று பதிவு இருந்தால் என் கருத்து மாறும்.

அடுத்த முறை கீழே கனமோ நீர்க்கசிவோ ரத்தக்கறையோ தெரிந்தால், வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே நேரில் போங்கள். கர்ப்பத்தில் உறவு வைத்துக்கொள்வதால் இந்த அழற்சி வரும் என்ற பயம் தேவையில்லை. ஆனால் கருப்பை வாயின் நீளம் குறைந்திருந்தாலோ தையல் போட்டிருந்தாலோ மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர்

கார்ட்னெரெல்லாவையும் யூரியாபிளாஸ்மாவையும் கண்டதை வைத்து யாருடைய நடத்தையையும் முடிவு செய்ய முடியாது. ஒருவருக்கொருவர் மட்டுமே உண்மையாக வாழும் தம்பதியரிடமும் இவை உண்டு. பாக்டீரியல் வஜினோசிஸ் திரும்பத் திரும்ப வந்தால் கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது பயன் தருகிறது என்று 2025-இல் ஆஸ்திரேலிய ஆய்வொன்று காட்டியது. அதை ஆண் துணை மீதான குற்றச்சாட்டாகப் படிக்க வேண்டியதில்லை. கிருமிகள் இருவரிடையே போய்வருகின்றன, அவ்வளவுதான். சந்தேகம் தீரவில்லை என்றால் டிரைகோமோனாஸ், கிளமிடியா, கொனோரியா, சிஃபிலிஸ் ஆகிய பாலுறவால் பரவும் தொற்றுகளுக்கு இருவரும் சோதனை செய்துகொள்ளுங்கள். அவை தெளிவான விடை தரும் சோதனைகள்.

மருத்துவமனை மீதான மனக்குறை

கனமும் கசிவும் இருந்த நாள்களில் நீங்கள் தொலைபேசியில் கேட்டபோது “கர்ப்பத்தில் இது சகஜம்” என்று சொல்லிவிட்டார்கள். வழக்குப் போடலாமா என்கிறீர்கள். வெள்ளைப்படுதல் கூடுவது சகஜம்தான். 22 வாரத்தில் அதோடு கனமும் நீர்த்த கசிவும் சேர்ந்தால் நேரில் வரச் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நேரில் பார்த்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று மட்டும் யாராலும் உறுதி தர முடியாது. இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். வழக்கறிஞரும் தனித்தனியாகத்தான் கேட்பார். எதை முடிவு செய்தாலும் முதலில் உங்கள் மருத்துவப் பதிவுகளின் முழு நகலை எழுத்துமூலம் கேளுங்கள்; அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நடந்ததை விளக்கச் சொல்லி மூத்த மருத்துவருடன் ஒரு சந்திப்பும் கேட்கலாம். பலருக்கு வழக்கைவிட அந்தச் சந்திப்பே அதிகம் உதவியிருக்கிறது.

நகல் கைக்கு வந்ததும் இரண்டு இடங்களைத் தேடிப் பாருங்கள். 20-ஆவது வார ஸ்கேனில் கருப்பை வாயின் நீளம் எழுதப்பட்டிருக்கிறதா? பனிக்குடம் உடைந்து நீங்கள் சேர்ந்த அன்று, முதல் பரிசோதனையில் கருப்பை வாய் மூடியிருந்தது என்று இருக்கிறதா, திறந்திருந்தது என்று இருக்கிறதா? அந்த இரண்டு பக்கங்களையும் ஆய்வறிக்கையோடு சேர்த்து அடுத்த சந்திப்புக்கு எடுத்துப் போங்கள். நுண்ணுயிர்ச் சோதனைப் படங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.